கொட்டகைக் காலம் – 17: மந்திரவாதியின் தாடி

சென்ற இதழில் பி.யு. சின்னப்பாவைக் கச்சேரி மேடையில் விட்டுவிட்டு வந்தோம். 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் பாடுகிறவரும் அவரே, பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் அவரே. இந்த வித்தைக்கு அன்றைய ஸ்டுடியோக்களில் வழக்கமாக இருந்த வழி கேட்க எளிது, செய்ய நெஞ்சுரம் வேண்டும். லென்சுக்கு முன்னால் கறுப்புத் தகடு வைத்து, சட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து படம் பிடிப்பார்கள். பிறகு படச்சுருளைப் புறப்பட்ட இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, தகட்டை மாற்றி, நடிகரை அடுத்த இடத்தில் உட்காரவைத்து மறுபடி ஓட்டுவார்கள். கேமரா மயிரிழை அசைந்தாலும், தாளம் ஒரு மாத்திரை பிசகினாலும் அதுவரை எடுத்ததெல்லாம் குப்பை. எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கும் வசதியும் கிடையாது. சுருள் கழுவி வரும்வரை கடவுள் விட்ட வழி.

இதை மறுபடி சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கதையையே எடுத்துக்கொண்டு, ஒரே ஆள் பலராக உட்காரும் கச்சேரியையும் விடாமல், 1961-இல் தெலுங்கில் 'ஜகதேகவீருனி கத' வந்தது. சின்னப்பாவின் இடத்தில் என்.டி. ராமராவ். இயக்கியவர் கே.வி. ரெட்டி. நல்ல வித்தையைக் கண்டால் விடமாட்டார் மனிதர். இந்த இதழ் முழுக்க அவரோடுதான் இருக்கப்போகிறோம். ஆனால் அந்தப் படத்துக்குப் பத்தாண்டு முன்னால், வடபழனியில்.

1950 ஏப்ரலில் விஜயா புரொடக்‌ஷன்ஸின் முதல் படமான 'ஷாவுகாரு' வெளிவந்தது. எல்.வி. பிரசாத் இயக்கம். ஒரு கிராமம், அடுத்தடுத்து இரண்டு வீடுகள், பணம், வீம்பு, நடுவில் ஒரு காதல். படித்தவர்கள் பாராட்டினார்கள், கல்லாப்பெட்டி அவ்வளவாக நிறையவில்லை. அந்தப் படத்திலிருந்து நமக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்தது ஒரு பெயர்தான்: அதில் அறிமுகமான ஜானகி, சௌகார் ஜானகி ஆனார். அடுத்த படம் என்ன என்று யோசித்த விஜயா முதலாளிகள் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் கிராமம், குடும்பம், கடன் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு மாயாஜாலத்துக்குப் போனார்கள்.

இது அவர்களுக்குப் புது வியாபாரமும் இல்லை. 1947 ஜூலையிலிருந்து அந்த இருவரும் மாதந்தோறும் ராஜா, மந்திரி, பூதம், பேசும் கிளி என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தவர்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. எந்த இடத்தில் பூதம் வரவேண்டும், எந்த இடத்தில் ஓர் அசடு வந்து காரியத்தைக் கெடுக்க வேண்டும், எவ்வளவு பயமுறுத்தினால் பிள்ளை அழாமல் பக்கத்தைத் திருப்பும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழில். 'பாதாள பைரவி' (1951) ஒரு பத்திரிகைக்காரர் படம் என்றே நான் நினைக்கிறேன். அதில் ஒரு காட்சிகூட விளக்கம் கேட்டு நிற்காது.

அதை இயக்கிய கே.வி. ரெட்டியும் கையில் அனுபவத்தோடுதான் வந்தார். தாடிபத்ரிக்காரர். 1942-இல் 'பக்த போதனா', 1947-இல் 'யோகி வேமனா' என்று பக்திமான்களைப் படமாக்கியவர், 1949-இல் 'குணசுந்தரி கத'யில் திசை மாறினார். மூன்று மகள்களில் உண்மை பேசிய கடைக்குட்டியைத் தகப்பன் விரட்டிவிடும் கதை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனை நம் ஊர் மாயக்கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். அதன் நாயகன் கஸ்தூரி சிவராவ், முழு நகைச்சுவை நடிகர். சிரிக்க வைக்கிறவனை ராஜகுமாரிக்குக் கணவனாக்கியும் படத்தை ஓட்ட முடியும் என்று ரெட்டி அப்போதே தெரிந்துகொண்டார்.

'பாதாள பைரவி'க்குக் கதை வசனம் பிங்களி நாகேந்திர ராவ். அவர் கிணறு வெட்டிய இடம் 'காசி மஜிலீ கதலு'. மதிர சுப்பண்ண தீட்சிதுலு தெலுங்கில் எழுதிய பன்னிரண்டு பாகக் கதைக்கடல் அது. மணிசித்தன் என்ற துறவி காசிக்கு நடந்து போகிறார். துணைக்கு ஒரு மாடு மேய்க்கும் பையன். அவனுக்குக் காசியில் அக்கறை இல்லை. கதை சொன்னால் வருவேன் என்கிறான். அதனால் தங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கதை. புண்ணியத்துக்காக நடக்காதவனைக் கதைக்காக நடக்க வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். நம் பக்கத்திலும் இதே சரக்கு இருந்தது. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை என்று சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள் சந்தைக்குச் சந்தை விற்றன. 1940-களின் தமிழ்ப்பட முதலாளிகள் அந்தப் புத்தகங்களை எப்படிப் புரட்டிப் புரட்டிக் கதை எடுத்தார்கள் என்பதை முன் அத்தியாயங்களில் பார்த்தோம்.

பிங்களி ஒரே கதையை எடுக்கவில்லை. கதைச் சுருக்கத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

உஜ்ஜயினியில் தோட்ட வேலை செய்யும் விதவையின் மகன் ராமுடு, தெலுங்கில் தோட்டராமுடு. ராஜகுமாரி இந்துமதியைக் காதலித்து, அரண்மனைக்குள் புகுந்து, மாட்டிக்கொள்கிறான். என் அளவுக்குச் செல்வம் சேர்த்துக்கொண்டு வா, பெண் தருகிறேன் என்கிறார் ராஜா. அந்த நேரம் பார்த்து நேபாளத்து மந்திரவாதி ஒருவன் ஊருக்குள் வருகிறான். கேட்டதைத் தரும் ஒரு சின்னச் சிலை பாதாள பைரவியிடம் இருக்கிறது. அதைப் பெற சகல லட்சணமும் துணிச்சலும் உள்ள ஓர் இளைஞனைப் பலி கொடுக்க வேண்டும். தெருவில் வித்தை காட்டித் துணிந்தவனைத் தேடுகிறான் மந்திரவாதி, ராமுடு சிக்குகிறான். குகைக்குள் பலிக்கு முன் குளிக்கப் போன இடத்தில் முதலை பிடிக்கிறது. முதலையைக் கொல்கிறான். அது சாபத்தில் கிடந்த தேவகன்னி. உன்னைத்தான் பலி கொடுக்கப் போகிறான் என்று அவள் சொல்லிவிடுகிறாள். ராமுடு திரும்பி வந்து மந்திரவாதியையே பலி கொடுத்துச் சிலையை வாங்கிக்கொள்கிறான். ஒரே இரவில் மாளிகை, செல்வம், கல்யாண ஏற்பாடு.

இதோடு முடிந்தால் அது ஒரு நல்ல சிறுகதை. முடியவில்லை. மந்திரவாதியின் சீடன் சதாஜபன் சஞ்சீவி மூலிகையால் குருவை எழுப்பிவிடுகிறான். எழுந்தவன் ராஜாவின் மைத்துனனைப் பிடித்து, அவன் மூலமாகச் சிலையைத் திருடி, மாளிகையையும் ராஜகுமாரியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறான். ராமுடுவும் நண்பன் அஞ்சியும் தேடிப் போகிறார்கள்.

ஏழை விதவையின் மகன், தூரதேசத்து மந்திரவாதி, நிலத்துக்கு அடியில் ஒரு பொருள், ஒரே ராத்திரியில் அரண்மனை, அரண்மனையோடு காணாமல்போகும் ராஜகுமாரி. இதெல்லாம் அலாவுதீன், விளக்குக்குப் பதில் சிலை. ஆனால் அலாவுதீனின் மந்திரவாதி அவனைக் குகையில் அடைத்துவிட்டுப் போகிறானே தவிர, பலி கொடுக்க நினைப்பதில்லை. பலி வேறிடத்திலிருந்து வருகிறது. விக்கிரமாதித்தனிடம் பிணத்தைத் தூக்கிவரச் சொல்லி அனுப்பும் சாமியார் நினைவிருக்கிறதா? அவன் திட்டமும் ராஜாவையே பலி கொடுப்பது. வேதாளம் அதைக் காட்டிக்கொடுக்கிறது; விக்கிரமாதித்தன் சாமியாரின் தலையை வாங்குகிறான். முதலையிலிருந்து வெளிப்பட்ட தேவகன்னி பார்ப்பது வேதாளத்தின் வேலை. கதை உஜ்ஜயினியில் நடப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிரியாவிலிருந்து வந்த அலாவுதீன் பகுதியும் உஜ்ஜயினியிலிருந்து வந்த வேதாளப் பகுதியும் ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டியிருக்கிறது.

எப்படி ஒட்டியது என்றால், சிரிப்பால். இதுதான் இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது. மாயக்கதையில் ஓர் இடைஞ்சல் உண்டு. கேட்டதெல்லாம் கிடைக்கும் சிலை கையில் வந்தபிறகு நாயகனுக்கு என்ன ஆபத்து? பார்ப்பவனுக்கு என்ன பதைப்பு? இதற்குப் பல படங்கள் கத்திச் சண்டையைச் சேர்த்தன. சில, அம்மா பாசத்தைச் சேர்த்தன. பிங்களியும் ரெட்டியும் அசடுகளைச் சேர்த்தார்கள். அசடு என்ன செய்யும் என்று எந்தத் தெய்வத்தாலும் சொல்ல முடியாது.

கணக்கு எடுத்துப் பாருங்கள். சிலை ஏன் பறிபோனது? ராஜாவின் மைத்துனன் சூரசேனன், ராஜகுமாரி மேல் ஆசை வைத்துத் தோற்று, தூக்குப் போட்டுக்கொள்ளக் கயிறு தேடும் நேரத்தில் மந்திரவாதி எதிரே வந்ததால். பெயர் சூரசேனன், நடித்தவர் ரேலங்கி. தூக்குக் கயிற்றைக்கூட நம்பிக்கையோடு பிடிக்கத் தெரியாத முகம் அவருக்கு. செத்த மந்திரவாதி ஏன் எழுந்தான்? குருபக்தியும் பசியும் சம அளவில் உள்ள ஒரு சீடனால். அந்தச் சதாஜபன் பத்மநாபம், அப்போதுதான் மீசை முளைத்த வயது. கதையின் திருப்பம் ஒவ்வொன்றும் இப்படிக் கடைசி வரிசை ஆட்களிடம் இருக்கிறது. மற்ற படங்களில் நகைச்சுவை நடிகர் வரும்போது கதை நின்று இளைப்பாறும். இதில் அவர்கள் வரும்போதுதான் நகரும்.

அவர்களுக்கெல்லாம் மேலே எஸ்.வி. ரங்காராவ். படம் எடுத்தபோது அவருக்கு வயது 32-ஐத் தாண்டியிருக்காது. 1946-இல் 'வரூதினி' என்ற படத்தில் நடித்து, அது போகாமல், ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடித்த பழக்கம் உண்டு. மந்திரவாதியின் நடையிலும் விரல்களிலும் ஷைலாக்கைக் கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டு. எனக்குத் தெரிவது வேறொன்று. தன் வேலையை நேசிக்கும் ஒரு கைவினைஞனாக அவர் மந்திரவாதியைச் செய்தார். பலிக்கு ஆள் தேடும்போது அவன் கண்ணில் கொலைவெறி கிடையாது. நல்ல மரம் தேடும் தச்சனின் கவனம் இருக்கிறது. துணிச்சலான பையனைக் கண்டதும் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவன் திரையில் இல்லாத நேரத்தில் படம் கொஞ்சம் இளைத்துப்போகிறது.

இந்த வேடத்துக்கு முதலில் யோசித்தது முக்காமலாவை. நாயகனுக்கு அக்கினேனி நாகேஸ்வர ராவை. புதியவர்களான ரங்காராவும் ராமராவும் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதற்குக் கோடம்பாக்கத்தில் ஒரு கதை உலவும். நடிகர்கள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்களாம். பந்து சிக்காத ஆத்திரத்தில் ராமராவ் மட்டையை வீசிய வேகத்தைப் பார்த்து, தோட்டராமுடு கிடைத்துவிட்டான் என்று ரெட்டி முடிவு செய்தாராம். உண்மையோ பொய்யோ, மந்திரவாதி ஆள் தேடும் காட்சியைப் போலவே இருப்பதால் இந்தக் கதை பிழைத்துக் கிடக்கிறது. ராமராவ் அப்போது விஜயாவில் மாதச் சம்பளக்காரர். மாதம் 500 ரூபாய்.

ராஜகுமாரியாக நடித்த கே. மாலதி பாவம். அழுவதும் காத்திருப்பதும் தவிர அவருக்கு வேலை இல்லை. இது படத்தின் பெரிய குறை. இதற்கு முன் தமிழில் வந்த மாயக்கதைப் படங்களில் பெண்கள் இப்படி ஓரமாக இல்லை. 'மங்கம்மா சபதம்' (1943) படத்தில் வசுந்தரா தேவி கதையை முழுக்கத் தன் தோளில் சுமந்தார்; தன்னை மணந்து சிறைவைத்த ராஜகுமாரனை அவனுக்கே பிறக்கும் மகனால் சவுக்கடி படவைப்பேன் என்று சபதம் போட்டு முடித்த பெண் அவள். 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி' (1947) பட்டத்திலேயே பயமுறுத்தியது. கேள்விக்குப் பதில் தெரியாத ஆண்களின் தலையை வாங்கும் அந்த ராஜகுமாரியாக வி.என். ஜானகி. அந்த வரிசையில் இந்துமதியை நிறுத்தினால் கண்ணுக்கே தெரியமாட்டாள். வடபழனிக்கு வந்த மாயக்கதையில் நாயகனுக்குத் தோள் அகலமானது, நாயகிக்கு வாய் சிறுத்துப்போனது. இந்த வழக்கம் பிறகு மாறவும் இல்லை.

பெண்களில் நினைவில் நிற்பவர் ராமுடுவின் தாயாக வந்த சுரபி கமலாபாய். முதல் தெலுங்குப் பேசும்படமான 'பக்த பிரகலாதா'வில் (1932) லீலாவதி அவர்தான். சுரபி என்பது அவருடைய குடும்பத்தின் நாடகக் குழுப் பெயர். கடப்பைப் பக்கத்துச் சுரபி கிராமத்தில் 1885-இல் தொடங்கியது; தலைமுறை தலைமுறையாகக் குடும்பமே ஊர் ஊராகப் போய் நடிக்கும். மேடையில் ஆள் பறப்பது, தீப்பிடிப்பது, மறைவது போன்ற தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்போனவர்கள். கயிறும் திரையும் சாம்பிராணிப் புகையும் வைத்து அவர்கள் செய்ததைத்தான் மார்க்கஸ் பார்ட்லி கேமராவுக்குள் செய்தார். கோகலேயும் கலாதரும் போட்ட குகை, மாளிகை அரங்குகளில் நிழலை எங்கே விட வேண்டும் என்று பார்ட்லிக்குத் தெரிந்திருந்தது. பைரவியின் பிரம்மாண்டச் சிலை முழுதாகத் தெரிவதைவிடப் பாதி இருட்டில் தெரியும்போது அதிகம் மிரட்டுகிறது. பின்னாளில் 'மாயாபஜார்', 'மிஸ்ஸியம்மா' படங்களின் நிலவொளியையும் மலையாள 'செம்மீன்' கடலையும் படம் பிடித்தவர் இவரே. வேடிக்கை என்னவென்றால், சுரபிக்காரர்கள் பிறகு 'பாதாள பைரவி'யையே நாடகமாக்கி மேடையில் போட்டார்கள். சினிமாவுக்குப் போன வித்தையைக் கயிறும் புகையுமாக அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இனி தாடி.

மந்திரவாதியின் சக்தி அவன் தாடியில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் கழுத்துக்குள் அரக்கனின் உயிரை ஒளித்துவைக்கும் நாட்டுக்கதை வழக்கத்தின் கிளைதான் இது. ஆனால் கிளியைத் தேடி நாயகன் கடல் தாண்டுவான். இங்கே உயிர்நிலை மூக்குக்குக் கீழே தொங்குகிறது, எல்லோரும் பார்க்க. அதை எடுக்க வாள் வேண்டாம், சவரக்கத்தி போதும். அஞ்சி, சதாஜபனின் உருவத்தில் உள்ளே நுழைந்து, சீடனின் பணிவோடு குருவுக்கு ஆசைகாட்டி மழிக்க வைத்துவிடுகிறான். மூன்று லோகத்தையும் ஆட்டிவைத்த ஆசாமி, கல்யாண ஆசையில் மழமழவென்று முகத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கோலத்தில்தான் உண்மையில் தோற்கிறான். அதற்குப் பிறகு ராமராவ் போடும் சண்டை சம்பிரதாயம். அஞ்சியாக நடித்த பாலகிருஷ்ணாவுக்கு அந்தப் பெயரே பட்டப்பெயராகி வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

தெலுங்குப் படம் 1951 மார்ச் 15 அன்றும் தமிழ்ப் படம் அதே ஆண்டு மே 17 அன்றும் வெளிவந்தன. தமிழுக்கு வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். தெலுங்கு வசனத்துக்கு இணையாக எகிறும் தமிழை அவரால் கொடுக்க முடிந்ததற்கு அவருடைய நாடக அனுபவம் காரணம். இசை இரண்டுக்கும் கண்டசாலாவே. மறு ஆண்டு ஜெமினி மூலமாக இந்தியிலும் போனது. 1952 ஜனவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது தென்னாட்டுப் படமாக அதில் இடம்பெற்றது 'பாதாள பைரவி' மட்டுமே. டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' திரையிடப்பட்டு நம் இயக்குநர்கள் பலருடைய தூக்கத்தைக் கெடுத்ததும் அதே விழாவில்தான். சைக்கிள் தொலைத்தவனும் சிலை தொலைத்தவனும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் ஓடினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அதே 1951-இல் தமிழில் என்ன நடந்தது என்றும் பார்த்துவிட வேண்டும். பிப்ரவரியில் ஜூபிடரின் 'மர்மயோகி' வந்தது. எம்.ஜி.ஆர். கரிகாலன். அந்தப் படத்தில் பேய் ஒன்று வருகிறது. அதற்காகவே தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. தமிழில் அந்த முத்திரை வாங்கிய முதல் படம் அது. ஆனால் அந்தப் பேய், பேயே அல்ல. செத்துவிட்டதாக நம்பப்பட்ட ராஜா போடும் வேடம். பகுத்தறிவுப் பேச்சு மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்ப் படம் பேயைக் காட்டிவிட்டு அதன் முகமூடியைக் கழற்றியும் காட்டியது. வடபழனியில் எடுத்த படம் முகமூடியே இல்லை என்றது. பைரவி பைரவிதான், மூலிகை மூலிகைதான், நம்புகிறவன் நம்பட்டும் என்று விட்டுவிட்டது. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று சான்றிதழ் வாங்கியது முகமூடிப் பேய். தலை வெட்டும் பைரவி குழந்தை குட்டிகளோடு கொட்டகையை நிரப்பினாள். ஒன்றில் பயத்துக்குப் பக்கத்தில் சிரிப்பு இல்லை, இன்னொன்றில் இருந்தது. தணிக்கைக்காரர்கள் அதைத்தான் அளந்தார்களோ என்னவோ.

இரண்டு போக்குகளும் பிறகு தனித்தனியாக வளர்ந்தன. வசனமும் வாளும் ஒரு பக்கம் போய்க் கடைசியில் அரசியல் மேடையில் ஏறின. மாயமும் அசடும் இன்னொரு பக்கம் பி. விட்டலாச்சார்யாவிடம் போய்ச் சேர்ந்தன. பேய் தன் காலையே அடுப்பில் விறகாக நீட்டிச் சமைக்கும் அவருடைய உலகம், 'ஜெகன்மோகினி' (1978) வரைக்கும் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்தவர்களை அலறவும் சிரிக்கவும் வைத்தது. விட்டலாச்சார்யாவுக்குத் தனி அத்தியாயம் கொடுக்காமல் இந்தத் தொடரை முடிக்க மாட்டேன். அவரைக் கிண்டலாகவே எழுதிப் பழகிவிட்ட நமக்கு அது ஒரு கடன்.

அதற்கு முன் சேலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அலாவுதீன் கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. அலெப்போ நகரத்துக்காரர் ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசில் அந்துவான் காலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகளில் ஒன்று அது. காலான் அதை ஆயிரத்தொரு இரவுகளுக்குள் சேர்த்துவிட்டார். தியாப் அப்போது சொன்ன இன்னொரு கதை, குகைவாசலில் ஒரு மந்திரச் சொல்லை மறந்து மாட்டிக்கொண்ட அண்ணனையும் விறகுவெட்டித் தம்பியையும் பற்றியது. 1941-இல் என்.எஸ். கிருஷ்ணன் அதைச் சிரிப்புப் படமாக நடித்தார். 1956 பொங்கலுக்குச் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அதைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக்கினார். கேவா கலர், பானுமதி, தங்கவேலு, திருடர் தலைவனாகச் சிரிக்கும் பி.எஸ். வீரப்பா. அடுத்த இதழில் அந்தக் குகை.

(தொடரும்)